தேடுவோர் கண்ணில் நம் கடை படுவது எப்படி?

 

கடைக்குப் பெயர்ப் பலகை எதற்கு? தெருவில் போகிறவர் கண்ணில் கடை படுவதற்கு. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் நமது வாடிக்கைக்காரர்களில் அநேகர் இன்று தெருவைப் பார்த்து நம்மைக் கண்டுபிடிப்பதில்லை. கைத்தொலைபேசியைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தத் தெருவில் நமது பலகை தொங்குகிறதா என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் ஆகிய இந்தப் பக்கத்தில் நமது முன்னோர் வியாபாரம் செய்த முறை வேறு. தோட்டத்தில் சம்பள நாள் எது என்று பார்த்து, துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு லயங்களுக்குப் போனார்கள். பற்று வரவைச் சிறு நோட்டில் எழுதினார்கள். வாங்குகிறவர் இருக்கும் இடத்துக்கு விற்கிறவர் போனார். இன்று கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்களில் லயங்களே இல்லை. லயத்துப் பிள்ளைகள் ரவாங், கிள்ளான், ஷா ஆலம் என்று குடிபோய்விட்டார்கள். 2011-ஆம் ஆண்டில் ஈஜோக்கையும் டெம்பளர் பார்க்கையும் இணைக்கும் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும், பட்டணத்துப் பெரிய கடைகள் நம் பக்கத்து மக்களுக்கு இன்னும் கிட்டத்தில் வந்துவிட்டன.

ஆனால் ஒரு சாலைக்கு இரண்டு திசை உண்டு. அதே சாலை அவர்களை நம்மிடமும் கொண்டுவரும். கந்தூரிக்கு மொத்தமாக மசாலை வேண்டும், பெருநாளைக்குக் கைலி வேண்டும் என்று ரவாங்கில் இருக்கும் ஒருவர் தேடும்போது நமது கடை அவர் கண்ணில் பட்டால் வருவார். படாவிட்டால், நாற்பது வருஷமாக நடக்கும் கடையும் அவரைப் பொறுத்தவரை இல்லாத கடைதான். ஆகையால், நமது அகப்பக்கம் தேடுவோர் கண்ணில் படுவது எப்படி என்பதையே இன்றைய பாடமாக எடுத்துக்கொள்வோம். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளிக்கூடத்திலும் மட்டுமே படித்த நான் விளங்கிக்கொண்டதை, என்னைப் போன்றவர்களுக்கு விளங்கும்படி எழுதுகிறேன்.

தேடுபொறி செய்யும் வேலை

கூகிள் போன்றவற்றைத் தேடுபொறி என்கிறோம். நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் அது உலகம் முழுவதும் ஓடிப்போய்த் தேடிவருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அதன் வேலை மூன்று படிகளில் நடக்கிறது.

முதலாவது படி, சுற்றிப் பார்ப்பது. ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குப் போகும் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு, அதன் இயந்திரம் இரவு பகலாகப் பக்கங்களைப் படித்துக்கொண்டே போகிறது. இரண்டாவது, பேரேட்டில் பதிவது. படித்த பக்கம் எதைப் பற்றியது, எந்த ஊரைப் பற்றியது, எந்த மொழியில் உள்ளது என்று பிரித்து எழுதி வைக்கிறது. மூன்றாவது, கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பது. நாம் கேள்வி கேட்கும்போது அது திறப்பது உலகத்தையல்ல. முன்பே எழுதி வைத்த பேரேட்டைத்தான்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாதெனில், பேரேட்டில் ஏறாத கடைக்கு வரிசையில் இடமே இல்லை. ஏறின பின்தான் முன்னா பின்னா என்ற கேள்வி.

இந்த முறை வருமுன் வேறு முறைகள் இருந்தன. 1994-இல் தோன்றிய யாஹூ முதலில் மனிதர் கையால் தொகுத்த பட்டியலாக இருந்தது. 1998-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் கூகிளை நிறுவினார்கள். அவர்கள் புகுத்திய புது யோசனை இதுதான்: ஒரு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பாராமல், அந்தப் பக்கத்தை நோக்கி வேறு யார் யார் விரல் நீட்டுகிறார்கள் என்பதையும் பார்ப்பது. மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு செய்தி வந்தால், சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவர்கள் நம்பத்தக்கவர்களா என்று விசாரிப்பது நாம் அறிந்த முறையே. நாணயமானவர் ஒருவரின் சாட்சிக்கும், பெயர் தெரியாத நூறு பேரின் சாட்சிக்கும் வித்தியாசம் உண்டு அல்லவா?

இன்று கூகிள் இன்னும் எத்தனையோ விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. 2024-ஆம் ஆண்டு முதல், சில கேள்விகளுக்குச் செயற்கை அறிவால் தொகுத்த விடையைப் பட்டியலுக்கு மேலேயே கொடுக்கவும் தொடங்கியிருக்கிறது. அந்த விடைக்கும் மூலச் சரக்கு நாம் எழுதும் பக்கங்கள்தாம். எழுதாத கடையைப் பற்றி எந்த இயந்திரமும் சொல்லாது.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

நமது அகப்பக்கம் பேரேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கூகிளின் தேடும் கட்டத்தில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, உடனே முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் அகப்பக்க முகவரியைத் தட்டுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் பேரேட்டில் பெயர் இருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் பெரும்பாலும் வாசலிலேயே தடை இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தத் தடை பல சமயம் மிக அற்பமானது. வேர்ட்பிரஸ் என்ற சாதனத்தில் செய்த அகப்பக்கங்களில், தேடுபொறிகள் இப்பக்கத்தைப் பதியவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு கட்டம் உண்டு. வேலை நடக்கும்போது அதில் அடையாளம் போட்டுவிட்டு, வேலை முடிந்த பின் எடுக்க மறந்துவிடுவதுண்டு. கடையைத் திறந்து வைத்து, வாசலில் 'கடை மூடியிருக்கிறது' என்ற அட்டையையும் தொங்கவிட்ட கதைதான். செய்து கொடுத்த தம்பியைக் கூப்பிட்டு இந்தக் கட்டத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, கூகிள் சர்ச் கான்சோல் என்ற இலவசக் கருவியில் உங்கள் அகப்பக்கத்தைப் பதிந்துகொள்ளுங்கள். எந்தப் பக்கம் பேரேட்டில் ஏறியது, எது ஏறவில்லை, ஏன் ஏறவில்லை, மக்கள் எந்தச் சொற்களைத் தட்டியபோது உங்கள் கடை தென்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பவற்றை அது காட்டும். தளத்திலுள்ள பக்கங்களின் முகவரிப் பட்டியலை, அதாவது தளவரைபடத்தை, இதன் மூலமாகவே ஒப்படைக்கலாம். இதற்கு ஒரு சென் கூடச் செலவில்லை.

வாடிக்கைக்காரரின் சொல்லில் எழுதுங்கள்

இதுவே இந்தப் பாடத்தின் நடுநாயகம். தேடுபொறிக்குக் கண் இருந்தாலும் அது முதலில் பார்ப்பது எழுத்தைத்தான். வாடிக்கைக்காரர் தட்டும் சொல் நமது பக்கத்தில் இருக்க வேண்டும். நமக்குப் பிடித்த சொல் இருந்து பிரயோஜனமில்லை.

நம்மவர் அகப்பக்கங்களைத் திறந்தால், 'தரமான பொருள், சிறந்த சேவை, நியாயமான விலை' என்று எழுதியிருக்கும். அந்த வார்த்தைகளைத் தட்டி யாராவது கடை தேடுவார்களா? தேடுகிறவர் பொருளின் பெயரைத் தட்டுகிறார். ஊரின் பெயரைத் தட்டுகிறார். தமது தேவையைத் தட்டுகிறார்.

எந்தச் சொல் என்று கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். கல்லாப்பெட்டி அருகில் ஒரு நோட்டை வையுங்கள். ஒரு வாரத்துக்கு, உள்ளே வருகிறவர் முதலில் வாய் திறந்து கேட்பதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். தொலைபேசியில் கேட்பதையும் எழுதுங்கள். எங்கள் கடையில் அவ்விதம் எழுதிப் பார்த்தோம். 'மளிகைச் சாமான்' என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை. 'மீன் கறித்தூள் இருக்கா?', 'நூறு பேருக்கு பிரியாணிக்கு என்னென்ன வேணும்?', 'வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?' என்றுதான் கேட்டார்கள். இந்தக் கேள்விகளே அகப்பக்கத்துக்கு வேண்டிய சரக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் விடையை எழுதினால் பாதிப் பக்கம் நிறைந்துவிடும்.

மொழியையும் கவனிக்க வேண்டும். நாம் கறித்தூள் என்பதை மலாய்க்காரர் 'செர்புக் காரி' என்றும் 'ரெம்பா காரி' என்றும் தேடுவார். நாம் கைலி என்பதை அவர் 'காயின் பெலிக்காட்' என்பார். தமிழகத்துப் பழவேற்காட்டின் பெயரே அவர் நாவில் பெலிக்காட் ஆயிற்று என்பர். பொருள் நம்முடையது, பெயரும் நமது ஊர்ப் பெயர். ஆனால் அந்தச் சொல்லை நாம் எழுதி வைக்காவிட்டால், அதைத் தேடுகிற வாடிக்கைக்காரர் வேறு கடைக்குப் போவார். ஆகவே மலாயில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம், வேண்டுமானால் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் என்று தனித்தனியாக எழுதுவது நலம். மூன்றையும் ஒரே பக்கத்தில் கலந்து கொட்டினால் படிக்கிறவருக்கும் குழப்பம், பொறிக்கும் குழப்பம். இயந்திரம் மொழிபெயர்த்துத் தந்ததைப் படித்துப் பாராமல் போட்டுவிடாதீர்கள். மலாய் நன்கறிந்த பிள்ளையிடம் காட்டித் திருத்துங்கள்.

பக்கத்தை அமைக்கும் முறை

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைப்பு உண்டு. தேடுவோருக்குப் பட்டியலில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் அதுதான். அநேகர் அதில் 'முகப்பு' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அது, பெயர்ப் பலகையில் 'கடை' என்று மட்டும் எழுதுவதற்கு ஒப்பாகும். 'கந்தூரி மசாலை, கறித்தூள் மொத்த விற்பனை, பெஸ்தாரி ஜெயா' என்று எழுதி, கடைசியில் கடையின் பெயரைச் சேர்த்தால் தேடுகிறவருக்கு விஷயம் விளங்கும். தலைப்பு நீண்டால் கைத்தொலைபேசித் திரையில் வால் வெட்டுப்படும். முக்கியமானது முன்னால் வரட்டும்.

தலைப்புக்குக் கீழே தோன்றும் இரண்டொரு வரிக் குறிப்பையும் நாமே எழுதி வைக்கலாம். கூகிள் சில சமயம் அதை எடுத்துக்கொள்ளும், சில சமயம் பக்கத்திலிருந்து வேறு வரிகளை எடுக்கும். ஆனாலும் எழுதி வைப்பது நல்லது. பக்கத்துக்குள்ளே மறைவாகத் திறவுச்சொற்களை அடுக்கி வைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. வரிசைப்படுத்துவதற்கு அந்த மறைவுப் பட்டியலைத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்று கூகிள் நிறுவனத்தார் 2009-இலேயே அறிவித்துவிட்டார்கள். அதற்காகக் காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

விலைப்பட்டியலைப் படமாகப் பிடித்துப் போடுவது நம்மவரிடம் உள்ள பெரிய வழக்கம். படத்தில் உள்ள எழுத்தைப் பொறி சரியாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்கலாகாது. கண் மங்கிய பெரியவருக்கும் அது சிரமம். விலையை எழுத்தாகவே எழுதுங்கள். படம் போடும் இடத்தில், அது என்ன படம் என்று ஒரு வரி மாற்றுக் குறிப்பும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்க நேரமாகும். செம்பனைக் காட்டுக்குள் தொடர்பு மங்கலாக உள்ள இடத்தில் ஒருவர் நமது பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறக்காவிட்டால் காத்திருப்பாரா? படத்தின் அளவைக் குறைத்து ஏற்றுவதே மரியாதை. கூகிள் இப்போது பக்கங்களைக் கைத்தொலைபேசியில் தெரிகிற வடிவத்தைக் கொண்டே பதிகிறது. 2016-இல் அறிவித்த இந்த மாற்றத்தை 2023-இல் செய்து முடித்தது. எனவே உங்கள் அகப்பக்கத்தைக் கணினியில் பார்த்துத் திருப்தி அடையாமல், சிறிய கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள். எழுத்து வாசிக்க முடிகிறதா? தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்புப் போகிறதா? முகவரிக்குப் பாதுகாப்புத் தொடர்பு இருக்கிறதா? இந்தப் பாதுகாப்பையும் கூகிள் 2014 முதல் ஒரு சிறு தகுதியாகக் கணக்கில் எடுக்கிறது.

ஊர்ப் பெயரில் உள்ள சூட்சுமம்

நமது பக்கத்து ஊர்களுக்குப் பெயர் ஒன்றல்ல. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. ஆனால் பெரியவர்கள் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். தஞ்சோங் காராங் என்பதை ஆங்கில எழுத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். லயம் போய்விட்டாலும் தோட்டப் பெயர் போகவில்லை. ரிவர்சைட், துவான் மீ போன்ற பெயர்களை நமது தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன.

ஆகையால் 'எங்களிடம் வரும் வழி' என்று ஒரு தனிப் பகுதி எழுதுங்கள். 'பெஸ்தாரி ஜெயா, முன்பு பத்தாங் பெர்ஜுந்தை' என்று இரு பெயரையும் ஒரு முறை போடுங்கள். பக்கத்தில் உள்ள பள்ளிக்கூடம், பழைய தோட்டம், சாலைச் சந்திப்பு ஆகியவற்றை இயல்பாகச் சொல்லுங்கள். கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர் புக்கிட் மெலாவத்தியிலிருந்து எவ்வளவு தூரம், மின்மினி பார்க்கும் கம்போங் குவாந்தான் படகுத்துறையிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதட்டும். மின்மினி பார்க்க வருகிறவர்கள் இருட்டிய பின் படகேறுகிறார்கள். இறங்கியதும் பசியோடு கைத்தொலைபேசியைத்தான் எடுக்கிறார்கள். 'இரவு இத்தனை மணி வரை சாப்பாடு உண்டு' என்ற ஒரே வரி அந்த நேரத்தில் பெரிய விளம்பரத்துக்குச் சமம்.

ஆனால் நமது வியாபாரம் இல்லாத ஊர்ப் பெயர்களை எல்லாம் அடுக்கி, ஊருக்கொரு வெற்றுப் பக்கம் செய்வது தவறு. அதைக் கூகிள் ஏமாற்றாகவே எண்ணுகிறது.

வரைபடத்தில் கடையைக் குறித்தல்

ஊருக்குள் கடை தேடுவோருக்குப் பட்டியலுக்கு முன்பே வரைபடமும் இரண்டு மூன்று கடைகளும் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கூகிள் பிசினஸ் புரொஃபைல் என்ற பதிவிலிருந்து வருகிறது. 2021 வரை அதற்கு வேறு பெயர் இருந்தது. இதுவும் இலவசம். கடை உங்களுடையதுதான் என்பதைத் தொலைபேசி மூலமோ, கடையைப் படம்பிடித்துக் காட்டியோ நிரூபிக்கும்படி கேட்பார்கள்.

இதில் முக்கியமாகப் பார்க்கப்படுபவை மூன்று: தேடிய சொல்லுக்குக் கடை பொருந்துகிறதா, தேடுகிறவர் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம், கடைக்கு எவ்வளவு பெயர் இருக்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. ஈஜோக்கில் உள்ள கடை, கோலாலம்பூரில் நின்று 'அருகில் மளிகைக் கடை' என்று தேடுகிறவருக்குத் தெரியவேண்டுமென்று ஆசைப்படுவது வீண். ஆனால் பொருத்தம் நம் கையில் இருக்கிறது. கடையின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பலகையில் உள்ள பெயரையே பதியுங்கள். பெயரோடு 'மலிவு', 'நம்பர் ஒன்' என்று வால் சேர்ப்பது விதிக்கு விரோதம். பதிவையே நிறுத்திவிட நேரும்.

நேரத்தைத் துல்லியமாக எழுதுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை சாத்துகிறோம். ரமலானில் நேரம் மாறுகிறது. பெருநாளைக்குச் சில நாள் மூடுகிறோம். விசேஷ நாட்களின் நேரத்தைத் தனியே குறிக்க அதிலேயே வசதி உண்டு. திறந்திருக்கிறது என்று நம்பி இருபது மைல் வந்த மனிதர் சாத்திய கதவைக் கண்டால், அவர் திரும்ப வரமாட்டார். பத்துப் பேரிடமும் சொல்லுவார்.

கடைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகிய மூன்றும் அகப்பக்கத்திலும், வரைபடப் பதிவிலும், ஃபேஸ்புக்கிலும், பில் புத்தகத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கணக்கில் இரண்டு ஏடு இரண்டு தொகை சொன்னால் எதை நம்புவது? மேலும், நமது நாட்டின் மின் வர்த்தக விதிகளும், இணையத்தில் விற்பவர் தம் பெயர், தொடர்பு விவரம், விலை முதலியவற்றைத் தெளிவாகக் காட்ட வேண்டுமென்று கேட்கின்றன. சட்டத்துக்கும் அது சரி, தேடுபொறிக்கும் அது சரி.

பிறர் கூறும் சாட்சி

முன்னே சொன்னபடி, மற்றவர் பக்கங்களிலிருந்து நமது பக்கத்துக்கு வரும் இணைப்புகள் நமக்குச் சாட்சி போன்றவை. அதை நேர்மையாகத் தேடிக்கொள்ள வழியுண்டு. உங்களுக்குச் சரக்குத் தரும் மொத்த வியாபாரியின் அகப்பக்கத்தில் விற்பனைக் கடைகளின் பட்டியல் இருந்தால், உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். சங்கத்துக்கு அகப்பக்கம் இருந்தால் உறுப்பினர் கடைகளின் பட்டியலை வெளியிடலாம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு நன்கொடை கொடுத்தால், அவர்கள் வெளியிடும் நன்றிக் குறிப்பில் அகப்பக்க முகவரியும் இடம்பெறட்டும்.

வாடிக்கைக்காரர் எழுதும் கருத்துகளும் கடைக்குப் பெயர் சேர்ப்பவை. திருப்தியாகப் போகிறவரிடம், 'உங்களுக்குத் தோன்றுவதை இரண்டு வரி எழுதுங்கள்' என்று கேட்பதில் தவறில்லை. எழுதினால் கழிவு தருகிறேன் என்பதும், மகனையும் மருமகனையும் வைத்துப் புகழ்ந்து எழுதச் செய்வதும், பக்கத்துக் கடையை இழித்து எழுதச் செய்வதும் கூடாது. நிறைகோலில் விரல் வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? குறை எழுதுகிறவருக்கு அமைதியாகப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலை அவர் ஒருவர் மட்டுமா படிக்கிறார்? இனிமேல் வரப்போகும் வாடிக்கைக்காரர் எல்லாரும் படிக்கிறார்கள்.

குறுக்கு வழியின் முடிவு

'இத்தனை வெள்ளி கட்டுங்கள், முதலிடம் நிச்சயம்' என்று தொலைபேசியில் கூப்பிடுவோர் உண்டு. சகோதரர்களே, இதில் ஜாக்கிரதையாக இருங்கள். முதலிடத்துக்கு யாரும் உறுதி தர முடியாது என்று கூகிளே எச்சரித்திருக்கிறது. பேரேட்டில் ஏறவோ வரிசையில் மேலே வரவோ அது காசு வாங்குவதில்லை. காசு கொடுத்துப் போடும் விளம்பரம் வேறு. அதன்மேல் விளம்பரம் என்ற குறிப்பு இருக்கும். காசு நின்ற அன்றே அதுவும் நின்றுவிடும்.

குறுக்கு வழியில் போன பெரிய நிறுவனங்களின் கதையைக் கேளுங்கள். 2006-இல் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ மோட்டார் நிறுவனத்தின் தளம், பொறிக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறொரு பக்கமும் காட்டியது. கூகிள் அந்தத் தளத்தையே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. தந்திரப் பக்கங்களை எடுத்த பின்புதான் திரும்பச் சேர்த்தது. 2011-இல் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடை, சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து வந்த இணைப்புகளால் பல பொருள்களுக்கு முதலிடத்தில் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. கூகிள் நடவடிக்கை எடுத்ததும் அந்தக் கடை பட்டியலின் அடியில் போய் விழுந்தது. அவர்களிடம் மூலதனம் இருந்தது, எழுந்து நின்றார்கள். பெருநாள் வியாபாரத்தை நம்பி ஒரு வருஷத்தை ஓட்டும் நம்மைப் போன்றவர், ரமலான் மாதத்தில் பட்டியலிலிருந்து மறைந்துபோனால் எப்படி எழுவது?

சாவி நமது கையில் இருக்கட்டும்

கடைசியாக ஒன்று. இது மிகவும் முக்கியம். அகப்பக்கத்தின் பெயர் யார் பேரில் பதிந்திருக்கிறது? அதைப் புதுப்பிக்கும் அறிவிப்பு யாருடைய மின்னஞ்சலுக்கு வருகிறது? வரைபடப் பதிவின் சொந்தக்காரர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? செய்து கொடுத்தவர் பேரிலேயே எல்லாம் இருந்தால், அவர் தொழிலை விட்டுப் போகும் நாளில் நமது பலகையும் அவரோடு போய்விடும். கடை வாடகை ஒப்பந்தத்தை ஆள் பேரில் எழுத விடுவோமா? அதுபோலவே இதுவும். பெயரும் கடவுச்சொல்லும் முதலாளியிடம் இருக்க வேண்டும். வேலை செய்பவருக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் போதும்.

இலவசமாகக் கிடைக்கும் இடத்தை மட்டும் நம்புவதும் அப்படித்தான். கூகிள் தனது வரைபடப் பதிவோடு சிறு கடைகளுக்கு இலவச அகப்பக்கம் ஒன்று கொடுத்து வந்தது. 2024 மார்ச்சு மாதத்தில் அதை நிறுத்திவிட்டது. அதை மட்டும் நம்பியிருந்த கடைகள் வேறு அகப்பக்கம் தேட வேண்டியதாயிற்று. ஃபேஸ்புக் பக்கம் வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் அது பிறர் நிலத்தில் போட்ட பந்தல். சொந்தப் பெயரில் ஒரு சிறிய அகப்பக்கம், நான்கே பக்கமானாலும், சொந்த மனையில் கட்டிய கடைக்குச் சமம்.

ஒரு மாத வேலை

பாடத்தைப் படித்துவிட்டு மூடி வைத்தால் பயனில்லை. கீழ்க்கண்டவாறு ஒரு மாதம் செய்து பாருங்கள்.

முதல் வாரம்: பேரேட்டில் பெயர் இருக்கிறதா என்று சோதியுங்கள். பெயர்ப் பதிவும் கடவுச்சொற்களும் உங்கள் கைக்கு வரட்டும். கல்லாப்பெட்டி அருகில் நோட்டை வையுங்கள்.

இரண்டாம் வாரம்: நோட்டில் உள்ள கேள்விகளில் அதிகம் கேட்கப்பட்ட பத்தை எடுத்து, மலாயிலும் தமிழிலும் விடை எழுதுங்கள். தலைப்புகளைத் திருத்துங்கள். விலைப்பட்டியலை எழுத்தாக்குங்கள்.

மூன்றாம் வாரம்: வரைபடப் பதிவில் பெயர், வகை, நேரம், முகவரி, படம் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். எல்லா இடத்திலும் ஒரே விவரம் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

நான்காம் வாரம்: நம்பத்தக்க இரண்டு மூன்று இடங்களில் உங்கள் அகப்பக்கத்துக்கு இணைப்புக் கேளுங்கள். வந்த கருத்துகளுக்குப் பதில் எழுதுங்கள். சர்ச் கான்சோலைத் திறந்து, மக்கள் தட்டிய சொற்களைப் பாருங்கள். நீங்கள் எழுதாத சொல் ஒன்று அதில் இருந்தால், அதுவே அடுத்த மாதத்து வேலை.

பலன் உடனே தெரியாது. சில மாற்றங்கள் சில நாளில் பதியும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். தென்னங்கன்று நட்டவன் மறுநாளே குலையைப் பார்ப்பதில்லை. மாதம் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கினால் போதும். பள்ளியில் படிக்கும் நமது பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கருவி தெரியும், நமக்குக் கடை தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வேலை நடக்கும். நமக்குப் பின் இந்தக் கடை நடக்குமா என்ற கவலை நம்மில் பலருக்கு உண்டு. பிள்ளை கடைக்குள் கால் வைக்க இது ஒரு நல்ல வாசல்.

நம்மிடம் இருப்பதை, இருக்கிறபடி, கேட்பவர் மொழியில், கேட்பவருக்குத் தெரியும் இடத்தில் எழுதி வைப்பதே இந்தப் பாடத்தின் சாரம். நம் முன்னோர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயத்து வாசலுக்குப் போய், பொருளின் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். அந்த லயத்துப் பேரப்பிள்ளைகள் இன்று கைத்தொலைபேசியில் தேடுகிறார்கள். அங்கும் நாம் போய் நிற்போமாக.